வாழையிலையில் அவித்த கோலா: கொத்துக்கறியை ஐயுறுவோருக்கும் ஏற்ற செய்முறை

தேனி ஜில்லா உத்தமபாளையம் தாலுகாவைச் சேர்ந்த ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற ஊர். திராட்சைத் தோட்ட வேலைகளில் ஸ்திரீகளின் உழைப்பு ஆடவரின் உழைப்புக்குக் குறைந்ததன்று. ஆனால் வாரத்திற்கொருமுறை வீட்டில் ஆட்டுக்கறி சமைக்கும் நாளில் அவ்வுழைப்புக்கேற்ற பங்கு அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலான குடும்பங்களில் இல்லையென்றே சொல்லவேண்டியிருக்கிறது. குழம்பிலுள்ள கறித்துண்டுகள் முதற்பந்தியில் ஆடவர்க்கும், அடுத்துப் பிள்ளைகளுக்கும் போய்விடுகின்றன. கடைசியில் உட்காரும் குடும்பத் தலைவிக்குச் சட்டியின் அடியில் எஞ்சிய குழம்பும், ஓர் எலும்பும் மிஞ்சினால் அதிகம். இது யாரும் வேண்டுமென்று செய்யும் அநீதியன்று. குழம்பில் எத்தனை துண்டுகள் உள்ளன என்பது கரண்டி பிடித்தவருக்கே தெரியாதாகையால், பங்கு கெட்டுப்போகிறது.

இதன் விளைவு சாமானியமானதல்ல. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். இரத்தத்திற்கு வேண்டிய இரும்புச்சத்து கீரையிலும் பருப்பிலும் கேழ்வரகிலும் இருக்கவே செய்கிறது. எனினும் அதில் சிறு பாகமே உடலிற் சேரும். மாமிசத்திலுள்ள இரும்புச்சத்தோ எளிதிற் சேர்வதுடன், கூட உண்ட கீரையிலும் பருப்பிலும் உள்ள சத்தையும் சேரச்செய்கிறது. சோகை கண்ட பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுவரொட்டியை வாட்டிக் கொடுக்கும் நம் நாட்டு வழக்கம் இக்காரணத்தால் மிகப் பொருத்தமானதே. ஆகையால் வீட்டிற்கு வரும் சிறிதளவு மாமிசம் எல்லோருக்கும் எண்ணிப் பங்கிடக்கூடிய உருவத்தில் சமைக்கப்படுமாயின், அது ருசியின் பொருட்டு மட்டும் செய்த காரியமாகாது.

அவ்வுருவம் நமக்குப் புதியதன்று. மதுரைப் பக்கத்திலும் செட்டிநாட்டிலும் கோலா உருண்டை நெடுநாளாக வழங்கிவருகிறது. அந்தக் கலவையையே உருண்டை பிடித்து எண்ணெயிற் பொரிப்பதற்குப் பதிலாக, ஒரு பெரிய உருளையாக வாழையிலையிற் கட்டி ஆவியில் அவித்து, ஆறியபின் வில்லைகளாக அரிந்து, தோசைக்கல்லில் சிவக்கவைத்து எடுப்பதே இங்கு விவரிக்கப்படும் முறை. மேல்நாட்டார் இத்தகைய பதார்த்தத்தைத் தகரப் பாத்திரத்திலிட்டு அடுப்பறையிற் சுடுவர். அமெரிக்காவில் 1929-இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தின்போது, ரொட்டித்தூளும் ஓட்ஸ் தானியமும் சேர்த்துச் சிறிதளவு கறியைப் பலருக்குப் போதுமாறு பெருக்கிய பண்டம் இதுவே. ஜெர்மானியர் தம் கொத்துக்கறி உருளையைப் ‘பொய் முயல்’ என்று வேடிக்கையாக அழைப்பதுண்டு. ஆயினும் சுடுவதற்கான அடுப்பறை நம் வீடுகளில் அரிது. இட்லிக் கொப்பரை இல்லாத வீடோ இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வாழையிலைக்கும் பஞ்சமில்லை.

கொத்துக்கறி என்றதும் முகஞ்சுளிப்பவர் பலர் உண்டு. அவர்களைப் பழமைவாதிகளென்று தள்ளிவிடுதல் கூடாது. அவர்கள் சொல்லும் ஆட்சேபம் ஒவ்வொன்றிலும் நியாயமிருக்கிறது. “அரைத்த கறியில் என்ன கலந்திருக்கிறதென்று யார் கண்டது?” என்பது முதல் ஆட்சேபம். அமெரிக்காவில் அப்டன் சின்க்ளேர் என்பவர் 1906-இல் ‘தி ஜங்கிள்’ என்னும் நாவலில் சிக்காகோ மாமிசத் தொழிற்சாலைகளின் ஆபாசத்தை எழுதியபோது, ஜனங்கள் அருவருத்துக் கொதித்தெழுந்தார்கள். அவ்வாண்டிலேயே மாமிசப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. ஆகவே இந்த ஐயம் உலகப் பொதுவானது. துண்டுக்கறியில் சதையும் சவ்வும் கண்ணுக்குத் தெரியும், அரைத்ததில் தெரியாது. இதற்குச் சமாதானம் வாயால் சொல்வதில் இல்லை. ஐயுறுகிற மாமியாரையோ பெரியப்பாவையோ அருகில் உட்காரவைத்து, முழுத்துண்டாக வாங்கிய கறியை அவர் கண்ணெதிரிலேயே வீட்டில் கொத்துவதுதான் சமாதானம். சவ்வு நீக்கும் வேலையை அவரிடமே ஒப்படைத்தால் இன்னும் உத்தமம். தாம் சுத்தம்செய்த கறியை எவரும் சந்தேகிப்பதில்லை.

“பிட்டால் உதிர்கிறது”, “மாவுக் கட்டைபோல் இருக்கிறது”, “வாடை வருகிறது” என்னும் ஏனைய ஆட்சேபங்கள் செய்முறைப் பிழையால் வருவன. அவற்றின் காரணங்கள் அந்தந்த இடத்திலே சொல்லப்படும்.

கறியைத் தேர்ந்தெடுத்தல்

எட்டுப் பேர் உள்ள குடும்பத்திற்கு எலும்புடன் கூடிய சப்பை அல்லது கழுத்துக்கறி முக்கால் கிலோ போதுமானது. வீட்டில் எலும்பை நீக்கினால் ஏறக்குறைய அரைக்கிலோ சதையும் கொழுப்பும் தேறும். எலும்பை வீசிவிடாமல் மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசம் வைத்துக்கொள்ளலாம். தொடைக்கறி வேண்டுவதில்லை. அது துண்டாகச் சமைப்பதற்கே ஏற்றது, விலையும் வீண். அதிகம் உழைக்கும் கழுத்து, சப்பை, விலாப்பக்கத்துச் சதைகளில் நார்ச்சவ்வு மிகுதி. வயதேறிய ஆட்டில் அச்சவ்வு இறுகிப்போவதால் ஒரு மணிநேரம் வெந்தாலும் கரைவதில்லை. கொத்தும்போது அந்நார்கள் சிறுசிறு துண்டாக அறுபடுகின்றமையால் பல்லுக்கு மெத்தென்று ஆகிவிடுகின்றன. ஈனும் பருவங்கடந்து கழிக்கப்பட்ட பெண்ணாட்டின் கறிக்கு மதிப்பு உண்டாக்கும் வழி இதுவே எனலாம்.

கொழுப்பை முழுவதும் நீக்கிவிடுவது பலர் செய்யும் தவறு. ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இல்லாவிடில் பண்டம் வறண்டு நெஞ்சை அடைக்கும். செம்மறியின் கொழுப்பு ஆறினவுடனே உறைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. அதன் வாடையும் அதிகம். வாடையை ஆட்சேபிப்பவர் உள்ள வீட்டில் முதல் தடவை வெள்ளாட்டுக்கறியைக் கொண்டு செய்வதே புத்திசாலித்தனம்.

50 கிராம் ஈரல் சேர்த்தால் இரும்புச்சத்து மிகும். அதற்குமேற் சேர்த்தால் கசப்புத் தட்டும். ஈரலை வாங்கும்போது நன்றாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். நீர்கோத்த கொப்புளங்கள் காணப்பட்டால் அது நாய்களிடமிருந்து ஆடுகளுக்குப் பரவும் நாடாப்புழுவின் கூடாக இருக்கக்கூடும். அவ்வீரலை உண்ணலாகாது என்பதுடன், நாய்க்கும் போடலாகாது. போட்டால் அப்புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் முட்டைகள் மறுபடி மனிதருக்கும் ஆட்டுக்கும் வந்துசேரும். ஆழக் குழிவெட்டிப் புதைத்துவிடவேண்டும்.

சொந்தத்தில் ஆடு வளர்ப்போருக்கு இங்கு ஒரு வார்த்தை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளித்த திராட்சைத் தழையை, கவாத்து செய்தவுடன் ஆடுகளுக்கு அள்ளிப் போடுவது ஆபத்தான பழக்கம். மயில்துத்தத்தில் உள்ள செம்பைச் செம்மறியாடு வெளியேற்றும் சக்தி குறைந்தது. அது சிறுகச்சிறுக ஈரலிற் சேர்ந்து, திடீரென ஒருநாள் ஆடு மஞ்சள்பூத்து மாண்டுபோகும். மற்றப் பூச்சிமருந்து தெளித்த தழைகளும் அவ்வாறே விலக்கத்தக்கவை. நோய்க்கு ஊசி போட்ட ஆட்டையும், மருந்துச்சீட்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் கறிக்கு அறுத்தல் தகாது.

கொத்துதலும் பிசைதலும்

கறியை முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக்கவேண்டும். கொத்திய பிறகு கழுவுதல் அறவே கூடாது. கொத்துக்கறி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது. பின்னர் அவிக்கும்போது அந்நீர் வெளிப்பட்டு உருளையைப் பிளந்துவிடும். உதிர்கிறது என்னும் புகாரில் பாதி இங்கே பிறக்கிறது. வெட்டுப்பலகையில் கனத்த கத்தியால் பாசிப்பயறு அளவாகும்வரை கொத்தவேண்டும். இயந்திரத்தில் அரைப்பதாயின் விட்டுவிட்டு ஓட்டவேண்டும். கூழாக அரைபட்ட கறி வெந்தபின் ரப்பர்போல் ஆகும்.

அடுத்த செயல்தான் இம்முறையின் உயிர்நிலை. கொத்திய கறியில் வேறு எதையும் சேர்க்காமல், முதலில் உப்பை மட்டும் போட்டு 5 நிமிஷம் கையால் அழுத்திப் பிசையவேண்டும். உப்பு, தசைநாரிலுள்ள ஒருவகைப் புரதத்தைக் கரைத்து வெளிக்கொணர்கிறது. அது பசைபோல் ஒட்டி, வெப்பம் பட்டதும் இறுகித் துணுக்குகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது. உள்ளங்கையில் சிறிது கறியை அப்பிக் கையைக் கவிழ்த்தால் விழாமல் நிற்குமானால் பதம் சரி. வெங்காயமும் மாவும் சேர்த்தபின் உப்பிட்டால் உப்பு அவற்றின் நீரை இழுப்பதோடு நின்றுவிடும், பசை உண்டாகாது.

கோலா செய்வோரில் சிலர் கறியை மஞ்சளுடன் வேகவைத்து நீர்சுண்டிய பின் அரைக்கிறார்கள். உருண்டைக்கு அது பொருந்தும். பொரிக்கும்போது உள்ளே வேகாத ஐயமில்லை. ஆனால் வெந்த கறியில் மேற்சொன்ன பசை முன்பே இறுகிப்போவதால், பொட்டுக்கடலையும் முட்டையுமே பிணைப்பாக நின்று தாங்கவேண்டும். இலையில் அவித்து அரியும் உருளைக்குப் பச்சைக்கறியே தக்கது.

அரைக்கிலோ கறிக்குச் சேர்க்கவேண்டியவை: உப்பு 10 கிராம், பொட்டுக்கடலை 75 கிராம், தேங்காய்த்துருவல் 50 கிராம், சின்ன வெங்காயம் 100 கிராம், முட்டை ஒன்று, சோம்பும் கசகசாவும் தேக்கரண்டி ஒவ்வொன்று, பட்டை ஒரு துண்டு, கிராம்பு இரண்டு, இஞ்சி ஒரு விரற்கடை, பூண்டு எட்டுப் பல், வரமிளகாய் ஆறு, மஞ்சள்தூள் அரைத்தேக்கரண்டி, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் ஒரு கைப்பிடி. பொட்டுக்கடலையையும் சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பையும் உலர்வாகப் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். மிளகாய், இஞ்சி, பூண்டு, தேங்காய் இவற்றை நீர்விடாமல் அம்மியில் மைய அரைக்கவேண்டும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி நிறம் மாறும்வரை வதக்கி, முற்றும் ஆறவிட வேண்டும். சுடச்சுடச் சேர்த்தால் கொழுப்பு உருகிக் கலவை குழைந்துவிடும். எல்லாவற்றையும் பிசைந்த கறியில் சேர்த்து, கலக்கும் அளவுக்கு மட்டும் கிளறினாற் போதும்.

பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டதாகையால் கறியிலிருந்து ஊறும் சாற்றை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அதற்குமேல் அதற்கு வேலையில்லை. சிக்கனமென்று எண்ணி 75 கிராமை 150, 200 என்று ஏற்றுபவர்களே இப்பண்டத்திற்கு அவப்பெயர் தேடித்தந்தவர்கள். மாவு மிஞ்சியதை ஐயுறுபவரின் நாக்கு முதற்கவளத்திலேயே கண்டுபிடித்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் கொத்துக்கறி ஏறாது. இன்னும் இருவருக்குப் பெருக்க வேண்டுமானால், மாவை ஏற்றாமல், வேகவைத்துப் பிழிந்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடியும் மேலும் ஒரு முட்டையும் சேர்ப்பது நலம்.

உப்பும் காரமும் பார்ப்பதற்குப் பச்சைக்கலவையை நாவில் வைக்கலாகாது. ஒரு சுண்டைக்காய் அளவு கிள்ளித் தட்டி, தோசைக்கல்லில் நன்கு வேகவைத்துச் சுவைக்கவேண்டும். ஐயமுள்ளவருக்கே அந்த முதல் வில்லையைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது நல்ல யுக்தி. “காரம் கொஞ்சம் போதாது” என்று அவர் சொல்லிவிட்டாரானால், அவர் பாதி இணங்கிவிட்டார் என்று கொள்ளலாம்.

இலையிற் கட்டி அவித்தல்

கொழுந்துமன்றி முற்றியதுமன்றி இடைப்பருவமான வாழையிலை இரண்டை அனலில் காட்டி வாட்டவேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். ஒவ்வோர் இலையிலும் கடலெண்ணெய் தடவி, கலவையில் பாதியை வைத்து, மூன்று விரற்கடைக் கனமுள்ள உருளையாக அழுத்திச் சுருட்டவேண்டும். உள்ளே காற்றுப்பொந்து இருந்தால் அரியும்போது அவ்விடத்தில் உடையும். இரு முனைகளையும் மடித்து, நனைத்த வாழைநாரால் நான்கு இடங்களில் கட்டவேண்டும். தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆவி எழுந்தபின் இட்லிக் கொப்பரைத் தட்டில் வைத்து மூடி, 40 நிமிஷம் அவிக்கவேண்டும். இதைவிடக் கனமாகச் சுருட்டினால் நேரம் போதாது.

உள் நடுப்பாகம் வேகுதல் மிக முக்கியம். துண்டுக்கறியில் கிருமிகள் வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும். குழம்பின் கொதிப்பில் அவை உடனே அழியும். கொத்தும்போது வெளிப்புறம் உட்புறமாகக் கலந்துவிடுவதால் கிருமியும் உள்ளே புகுந்துவிடுகிறது. ஆதலால் நடுப்பாகம் 71 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை அடைந்தாக வேண்டும். வெப்பமானி வைத்திருப்போர் அதைச் செருகிப் பார்க்கலாம். இல்லாதோர் மெல்லிய இரும்புக்கம்பி ஒன்றை நடுவரை குத்திப் பத்து எண்ணும்வரை வைத்திருந்து எடுத்துப் புறங்கையில் தொட்டால் பொறுக்கமுடியாத சூடு இருக்கவேண்டும்; ஊறும் சாறும் சிவப்பின்றித் தெளிவாயிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் இன்னும் 10 நிமிஷம் அவிப்பதால் கெடுவது ஒன்றுமில்லை. இதே காரணத்தால், கொத்திய கறியைச் சித்திரை வைகாசி வெயிற்காலத்தில் ஒரு மணிநேரத்திற்கு மேல் வெளியில் வைத்திருத்தல் கூடாது. அடுப்பை மூட்டிவிட்டே கொத்த உட்காருவது நல்லது.

இறக்கியவுடன் கட்டை அவிழ்த்து அரிபவர்கள் ஏமாந்துபோவார்கள். 20 நிமிஷம் இலையிலேயே ஆறவிட்டால் சாறு மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு உருளை இறுகும். இலையில் தேங்கிய சாற்றைக் கொட்டிவிடாமல் எலும்பு ரசத்திற் சேர்க்கவேண்டும். பின்னர் கூரிய கத்தியால் ஒவ்வோர் உருளையையும் எட்டு வில்லைகளாக அரிந்து, தோசைக்கல்லில் சிறிது கடலெண்ணெய் விட்டு, இருபுறமும் பொன்னிறமாகச் சிவக்கவைக்க வேண்டும். பொரிக்கும் முறையில் ஆகும் எண்ணெயில் நாலில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. ருசியின் பெரும்பகுதி இச்சிவப்பில் இருக்கிறது. அவித்ததை அப்படியே பரிமாறினால் வெளுத்துக் காண்பதால், ஐயுறுபவர் இலையை நகர்த்திவிடுவார்.

இரண்டு உருளைக்குப் பதினாறு வில்லைகள். எட்டுப் பேருக்கு ஆளுக்கு இரண்டு. முதற்பந்திக்கு முன்னரே கடைசிப் பந்திக்குரியவற்றைத் தனித்தட்டில் எடுத்து மூடிவைத்துவிட வேண்டும். எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் மூன்றாவது வில்லையை எவரும் கேட்க மாட்டார். கேட்டாலும் யாருடைய பங்கிலிருந்து அது எடுக்கப்படும் என்பது வெளிப்படையாகிவிடும். சோற்றுக்கும் ரசத்திற்கும் இது நல்ல துணை, கம்பஞ்சோற்றுக்கும் பொருந்தும். ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உண்டால் இரும்புச்சத்து நன்கு சேரும். உண்டவுடன் காப்பியோ தேநீரோ குடிப்பது கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்குமாதலால், ஒரு மணிநேரம் கழித்துக் குடிப்பது நலம். மாமிசம் புசியாத குடும்பத்தார் வாழைப்பூவை ஆய்ந்து வேகவைத்துப் பிழிந்து இவ்வாறே செய்யலாம். அதில் தசைப்பசை இல்லையாகையால் பொட்டுக்கடலையை இருமடங்காக்க வேண்டும்.

மிச்சப்பட்ட வில்லைகளைக் குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் ஆறியவுடன் மூடிவைத்து மறுநாள் உபயோகிக்கலாம். மறுநாள் உண்ணுமுன் புளிக்குழம்பில் போட்டு 5 நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிடவேண்டும். ஒருமுறை அவ்வாறு சூடாக்கியதில் எஞ்சுவதை மூன்றாம் முறைக்கு வைத்திருக்கலாகாது. குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றைய பகலில் ஆகும் அளவே செய்யவேண்டும்.